முதல் மூட்டைத் தாண்டாத கலங்கல்கள்

என் குருவுக்குத் தாடி கிடையாது. ஆசிரமமும் கிடையாது. இழுப்பு வந்தால் வாயில் அடித்துக்கொள்ளும் ஒரு சின்ன நீல டப்பா மட்டும் எப்போதும் கையில் இருக்கும். அவரிடம் நான் சீடனாகச் சேர்ந்தபோது அவருக்கு வயது நாற்பது. எனக்கு நாற்பத்தேழு.

அதனால் எங்களுக்குள் ஒரு சங்கடம். நான் அவரை மேடம் என்பேன். அவர் என்னை சார் என்பார். குரு சீடனை சார் என்று கூப்பிட்ட இடம் உலகத்திலேயே எங்கள் ஆய்வுக்கூடம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அவர் பெயர் ஹபீபா. திருச்சியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். நான் தெய்வசிகாமணி. பாலிடெக்னிக் பட்டறையில் இருபது வருஷம் பையன்களுக்கு லேத் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன். சம்பளமில்லாத விடுப்பு போட்டுவிட்டு முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். "நரைச்ச பிறகு நாதஸ்வரம் கத்துக்கப் போறாரு" என்று என் மனைவி வசந்தா வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

இதெல்லாம் நடந்து இருபது வருஷமாகிறது. மேடம் ஓய்வு பெற்று மஸ்கட்டில் மகளோடு இருக்கிறார். அந்த ஆய்வுக்கூடமும் இப்போது இல்லை. அந்த நீள அறையில் தடுப்பு வைத்து ஆன்லைன் தேர்வு மையம் ஆக்கிவிட்டார்கள். போன மாதம் அந்தப் பக்கம் போனவன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக் குழாய் ஓடிய இடத்தில் வரிசையாக நாற்காலி. அந்த அறையில் கழித்த நான்கு வருஷமும் என் வாழ்க்கையிலேயே நல்ல வருஷங்கள் என்று இப்போது தெரிகிறது. அப்போது கால்வலிதான் தெரிந்தது.

பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய். சுண்டுவிரல் பருமன். மீட்டருக்கு ஒரு மூட்டு, மூட்டுக்கு ஒரு பித்தளை வளையம். ஒரு முனையில் உயரத்தில் தண்ணீர்த் தொட்டி, மறுமுனையில் வால்வு, கீழே வாளி. ஓடுகிற தண்ணீரின் நடுவில் நூல் மாதிரி சாயம் விடுவோம். தண்ணீர் சீராக ஓடினால் சாய நூல் கோணல்மாணல் இல்லாமல் அந்தக் கோடி வரைக்கும் போகும்.

தொட்டிக்குப் பக்கத்தில் குழாயில் ஒரு ஊசித்துளை. அதன் வழியாக ஊசியால் ஒரு சொட்டுத் தண்ணீரைச் சட்டென்று உள்ளே தட்டினால், அந்த இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு ஓட்டம் கலைந்து சாயம் சுருண்டு குழம்பிவிடும். முன்னாலும் பின்னாலும் தண்ணீர் அதுபாட்டுக்கு ஒழுங்காகவே ஓடும். நடுவில் இந்த ஒரு சாண் கொந்தளிப்பு மட்டும் ஓட்டத்தோடு போய்க்கொண்டிருக்கும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் கலங்கல்.

கலங்கல் எவ்வளவு தூரம் உயிரோடு இருக்கும் என்பதுதான் என் ஆராய்ச்சி. ஊசியைத் தட்டிவிட்டு, கையில் ஸ்டாப் வாட்ச்சோடு அதன் பக்கத்திலேயே நடக்க வேண்டும். மறைகிற இடத்தை நோட்டில் குறிக்க வேண்டும். பெண்ணழைப்பு ஊர்வலத்தைவிட மெதுவான நடை. கோடிக்குப் போக ஒரு நிமிஷம். திரும்பி வந்து அடுத்ததைத் தட்ட வேண்டும். வசந்தா இதற்கு கிரிவலம் என்று பெயர் வைத்தாள்.

தண்ணீருக்கு உபசாரம் வேறு. முதல் நாள் சாயங்காலமே தொட்டியை நிரப்பிவிட வேண்டும். நிரப்பும்போது உண்டான ஆட்டம் அடங்க ஒரு ராத்திரி பிடிக்கும். காலை ஐந்தரைக்கு வந்தால், ரோட்டில் பஸ்ஸும் லாரியும் நெருக்குவதற்குள் மூன்று மணி நேரம் கிடைக்கும். லாரி போனால் தரை அதிரும், சாய நூல் நடுங்கும். செருப்பை வெளியே விட வேண்டும். மின்விசிறி போடக் கூடாது. கதவைச் சாத்தும்போது கைப்பிடியைக் கடைசி வரை பிடித்திருக்க வேண்டும். திருச்சி வெக்கையில் விசிறி இல்லாமல் வெறுங்காலோடு நடந்தேன். அந்தத் தரையின் குளிர்ச்சி இன்றைக்கும் என் உள்ளங்காலில் இருக்கிறது.

சேர்ந்த முதல் வாரமே மேடம் சொல்லிவிட்டார்.

"ஒரு கலங்கலைப் பார்த்து எதையும் முடிவு பண்ணாதீங்க சார். அது எப்ப சாகும்னு அல்லாவுக்குத்தான் தெரியும். ஆயிரத்தைப் பார்த்தா நமக்கும் கொஞ்சம் தெரியும்."

"தண்ணி ஓடுறதுக்குச் சமன்பாடு இருக்கே மேடம்?"

"இருக்கு. போட்டுப் பாருங்க."

ஒரு மாதம் போட்டுப் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் சமன்பாட்டைப் பற்றிப் பேசவில்லை.

அவர் பார்வையில் இது தண்ணீர்க் கணக்கே இல்லை, அம்மைக் கணக்கு. அம்மை கண்டவர் குணமாவதற்குள் இன்னொருவருக்கு ஒட்டவைத்தால் ஊரில் அம்மை நிற்காது. ஒட்டுவதற்குள் குணமாகிவிட்டால் தானாக அடங்கிவிடும். கலங்கலும் அப்படித்தான். மெதுவான ஓட்டத்தில் அது தானாகச் சாகும். வேகமான ஓட்டத்தில் சாவதற்கு முன்னால் இரண்டாகப் பிரிந்து ஒரு பிள்ளையை விட்டுவிடும். நடுவில் ஏதோ ஒரு வேகத்தில் சாவும் பிறப்பும் சரிக்குச் சரியாக நிற்கும். அந்த வேகத்தைத் தாண்டினால் குழாயில் கொந்தளிப்புக்கு அழிவில்லை. அந்த ஒரு எண்ணுக்காகத்தான் நான் நடந்தேன்.

மூன்றாம் வருஷம் கார்த்திகையில் வீட்டுக்கு ஒரு கூரியர் வந்தது. என் தங்கை மரகதத்தின் மகளுக்குக் கல்யாணம். தை மாதம், கரூரில்.

பெண்ணுக்குத் தாய்மாமன் நான் ஒருத்தன்தான். மாலை போட்டு, கையைப் பிடித்து மணமேடைக்கு அழைத்துப்போக வேண்டியவன். எனக்கு வரவேண்டிய பத்திரிகை தாம்பாளத்தில் பழத்தோடு வீடு தேடி வரவேண்டும். கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு கூரியர்காரர் நீட்டிவிட்டுப் போனார். மரகதமும் நானும் பேசி அப்போது ஆறு வருஷம்.

மறுநாள் காலை ஊசியைத் தட்டுவதற்குப் பதில் குழாயை இடித்தேன். மறுபடியும் இடித்தேன். மூன்றாவது தடவை மேடம் போய் வால்வை மூடினார்.

"என்ன சார்?"

சொன்னேன்.

"போவீங்களா?"

"தெரியல மேடம். போனா மானம் கெட்டவன். போகலேன்னா அந்தப் புள்ள மாமன் இல்லாம மேடை ஏறணும். காது குத்தினப்ப என் மடியிலதான் உக்காந்திருந்தா."

"பேரு?"

"காவேரி."

மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே கேட்டேன்.

"இது எங்க ஆரம்பிச்சுதுன்னு தெரிஞ்சா எனக்குப் போதும் மேடம். ஆறு வருஷமா அதைத்தான் யோசிக்கிறேன். அவ ஆரம்பிச்சதுன்னா போகமாட்டேன். நான் ஆரம்பிச்சதுன்னா இப்பவே போய்க் கால்ல விழுந்துடுவேன்."

"எங்கதான் ஆரம்பிச்சுது?"

மரகதம் வீடு கட்டிக் குடிபோன அன்றைக்கு. முதல் பந்தியில் உட்காரப் போனவனை, "அண்ணா, நீ அடுத்த பந்தியில உக்காந்துக்க, அவரு ஆபீஸ்காரங்க வந்திருக்காங்க" என்றாள். அடுத்த பந்தியில் வடை தீர்ந்துவிட்டது. நான் தாம்பூலம் வாங்காமல் வந்துவிட்டேன். வசந்தா அதை எங்கள் பவுனு சித்தியிடம் ஃபோனில் சொன்னாள். சித்தி மரகதத்தைக் கூப்பிட்டு, "உங்க அண்ணன் என்ன வடைக்கா வந்தான்?" என்று கேட்டார். மரகதம் அதற்கு ஏதோ சொன்னாள். அது நாலு வாய் மாறி என்னிடம் வந்தபோது, அப்பாவின் கடைசிக் காலத்தில் மருந்து வாங்கித் தராதவன் நான் என்று ஆகியிருந்தது. நானும் ஒன்று சொன்னேன். அது அங்கே போய்ச் சேரும்போது என்னவாக ஆகியிருந்ததோ.

"வடைதானா ஆரம்பம்?"

"அதுக்கு முன்னாடி அவ நாத்தனார் வீட்டு விசேஷத்துல ஒண்ணு நடந்துச்சு மேடம். அதுக்கும் முன்னாடி..."

மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். எழுந்து வால்வைத் திறந்தார். வழக்கமாக வைப்பதைவிட வேகமாக.

"நீங்க கூடவே நடங்க. ரெண்டாப் பிரிஞ்சா கையைத் தூக்குங்க. நான் இங்க குறைக்கறேன்."

தட்டினேன், நடந்தேன். பிரியவில்லை. மறுபடி தட்டினேன். பிரிந்தது. கையைத் தூக்கினேன். அவர் வேகத்தைக் குறைத்ததும் இரண்டுமே செத்துவிட்டன. அடுத்ததில் இரண்டுமே பிழைத்து வாளியில் போய் விழுந்தன. மேடம் சலிக்கவில்லை. ஒன்பதாவது முறையோ பத்தாவது முறையோ அவர் எதிர்பார்த்தது கிடைத்தது. ஐந்தாவது மூட்டில் கலங்கல் நீண்டு, முன்னால் ஒன்று கிள்ளிவிட்டது மாதிரி பிரிந்தது. கையைத் தூக்கினேன். வேகம் குறைந்தது. பின்னால் வந்த பழையது மெலிந்து, சுருள் விட்டு, ஒன்பதாவது மூட்டில் சாயம் நேர்நூலாகிவிட்டது. முன்னால் போனது மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

"இப்ப ஓடறது எது சார்?"

"புள்ள மேடம்."

"நீங்க தட்டினது?"

"செத்துடுச்சு."

"இந்தப் புள்ளையை ஊசி தொட்டுதா?"

"இல்ல."

"அப்ப ஊசி மேல தப்பைக் கண்டுபிடிச்சா இது நிக்குமா?"

எனக்கு அது பிடிக்கவில்லை. வடை எப்போதோ செத்துவிட்டது என்கிறார். எனக்கு அந்த வடை சாகவில்லை. ஆறு வருஷமாக நெஞ்சில் அப்படியே சூடாக இருந்தது.

"சரி, இதை எழுதிவைப்போம்" என்று மேடம் என் நோட்டை எடுத்தார். அதுவரை நான் அவருக்குக் கொடுத்ததெல்லாம் கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக எழுதிய அட்டவணைகள்தான். கைநோட்டை அவர் பிரித்தது அன்றைக்குத்தான். பக்கத்தைப் புரட்டியவர் நின்றார்.

"இந்தப் பெருக்கல் குறி என்ன?"

"அது கணக்குல வராது மேடம். முதல் மூட்டைக்கூடத் தாண்டாம போனது. தட்டு சரியா விழலேன்னு அர்த்தம்."

"யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. பட்டறைப் பழக்கம். மிஷின் சூடேறுவதற்குள் வருகிற முதல் ஒன்றிரண்டு பீஸைத் தள்ளிவிட்டுத்தான் மீதியை அளப்போம். அப்படியே இங்கேயும் செய்துவிட்டேன். அது தப்பாக இருக்கும் என்று மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

"எத்தனை இருக்கு?"

எண்ணினேன். எண்ணி முடிப்பதற்குள் வெளியே பஸ் சத்தம் ஆரம்பித்துவிட்டது.

"ஆயிரத்து இருநூத்துப் பதினாலு."

"மொத்தத்துல?"

"நாலாயிரத்துச் சொச்சம்."

மேடம் நீல டப்பாவை எடுத்து இரண்டு தடவை அடித்துக்கொண்டார்.

"தொட்டில் குழந்தையாவே செத்துப்போனதையெல்லாம் விட்டுட்டு மீதிப் பேரோட வயசைச் சராசரி எடுத்தா, ஊர்ல எல்லாரும் நூறு வருஷம் வாழற மாதிரிதான் சார் வரும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் கலங்கல்களின் ஆயுள் தப்பு. ஆகவே என் எண் தப்பு. மூன்று வருஷ நடையும் தப்பு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"அழிக்காம குறி போட்டாவது வச்சிருக்கீங்களே," என்றார். "சேர்த்துக்கலாம். ஒரு மாச வேலை."

பிறகு நோட்டை மூடப் போனவர் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டார். நான் எழுந்து கையை நீட்டினேன். அதற்குள் படிக்க ஆரம்பித்துவிட்டார். பின்னட்டையிலிருந்து தொடங்கி அங்கே நான் வேறொரு கணக்கு எழுதியிருந்தேன். மரகதம் செய்தது, சொன்னது, சொன்னதாகக் கேள்விப்பட்டது. தேதி வாரியாக. தண்ணீர் அடங்கட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில் எழுதியது.

என் அட்டவணைகளைப் படிக்கும் அதே முகத்தோடு அதையும் கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"முப்பத்தொண்ணு," என்றார்.

"ஆமாம் மேடம்."

"செத்துப்போனது ஒண்ணுகூட இதுல இல்லையே சார்."

"புரியல மேடம்."

"அந்தப் பக்கம் குறியாவது போட்டிருக்கீங்க. இந்தப் பக்கம் அதுவும் இல்ல."

நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு புது நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செத்துப்போன சண்டை எதுவும் ஞாபகம் வரவில்லை. செத்துப்போனது எப்படி ஞாபகம் இருக்கும்? பேனாவை மூடிவிடலாம் என்று இருந்தபோது ரேடியோத் திருகு ஞாபகத்துக்கு வந்தது.

ஈரோட்டில் ரயில்வே குடியிருப்பு. அப்பா என்ஜின் கொட்டகையில் ஃபிட்டர். மரகதத்துக்கு நேயர் விருப்பம் கேட்க வேண்டும். எனக்கு கிரிக்கெட் வர்ணனை. அவள் இந்தப் பக்கம் திருக, நான் அந்தப் பக்கம் திருக, திருகு கையோடு வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கொன்றுவிடுவது மாதிரி பார்த்தோம். அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் சேர்ந்து சோற்றுப் பருக்கையை வைத்துத் திருகை ஒட்டிக்கொண்டிருந்தோம். அப்பா வருகிற நேரம்.

அதை எழுதியதும் அதன் பின்னால் நாலு வந்தது. இலவச பாஸில் ராமேஸ்வரம் போனபோது ஜன்னல் சீட்டுக்காகக் கிள்ளிக்கொண்டது. கரூர் வருவதற்குள் ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்து தூங்கிவிட்டோம். என் வரைபடத் தாளில் அவள் மையைக் கொட்டியது. என் சைக்கிளைக் கேட்காமல் தோழிக்குக் கொடுத்தது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல், ரயில்வே ஆஸ்பத்திரி வரிசையில் நின்று கலர்த்தண்ணீர் மருந்து வாங்கிவந்தது அவள்தான். அவள் கல்யாணத்துக்கு முதல் நாள், மாப்பிள்ளையின் மூக்கைப் பற்றி நான் ஏதோ சொல்லப்போக டம்ளரை வீசினாள். நெற்றியில் பட்டு வீங்கியது. கல்யாணப் போட்டோவில் வீக்கத்தோடு நிற்கிறேன். மறுநாள் ரயிலேற்றிவிடும்போது என் கையை விடமாட்டேன் என்று அழுதாள். வண்டி நகர்ந்த பிறகுதான் விட்டாள்.

அறுபதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்தினேன். அதில் ஒன்றையும் யாரும் தீர்த்துவைக்கவில்லை. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதாக ஞாபகமே இல்லை. அப்பாவிடம் போய்ச் சொன்னால் சொன்னவனுக்கு முதல் அடி, மற்றவளுக்கு இரண்டாவது அடி. அதனால் எங்கள் சண்டை எங்கள் இரண்டு பேரைத் தாண்டி வெளியே போனதே கிடையாது. சோறு போடுவதற்குள், விளக்கு வைப்பதற்குள், பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் அதுபாட்டுக்குப் போய்விடும்.

எழுதும்போது அழுதேன். அப்பாவின் சட்டையில் இருந்த கிரீஸ் வாசனை, அம்மா சாணி தெளிக்கும் சத்தம், மரகதத்தின் எண்ணெய் வழியும் இரட்டைச் சடை, எல்லாம் அந்தச் செத்த சண்டைகளோடு சேர்ந்தே வந்தன. நான் என் சின்ன வயசைப் பற்றி நினைத்தே வருஷக்கணக்காகிவிட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வசந்தா எட்டிப் பார்த்தாள். "என்ன எழுதறீங்க?" என்றாள். நோட்டைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தவள் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னிக்கு நான் சித்திக்கு ஃபோன் பண்ணாம இருந்திருக்கலாம்," என்றாள் கடைசியில்.

திங்கட்கிழமை அந்த நோட்டையும் கொண்டுபோனேன். மேடம் படித்தார். ரேடியோத் திருகு வந்த இடத்தில் சத்தம் போட்டுச் சிரித்தார். சாய நூல் ஆடியது. அந்த அறையில் அவர் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"போறேன் மேடம்."

"போங்க."

"ஆனா ஆறு வருஷமாச்சு. நல்லா இறுகிப்போயிருக்கும்."

"பத்து மீட்டர் ஓடின கலங்கல் ஒண்ணு. இப்பத்தான் பொறந்தது ஒண்ணு. அடுத்த நொடி எது சாகும் சார்?"

"சொல்ல முடியாது மேடம். ரெண்டுக்கும் ஒரே வாய்ப்புதான்."

அது எங்கள் நாலாயிரம் நடையில் கிடைத்த ஒரே நிச்சயமான சங்கதி. கலங்கலுக்கு வயது கிடையாது. பழையது என்பதால் அது கெட்டிப்படுவதில்லை. தள்ளிவைத்த ஆயிரத்து இருநூற்றுப் பதினாலையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது அது முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தது. என் எண்ணும் மாறியது. பட்டம் ஒரு வருஷம் தள்ளிக் கிடைத்தது.

ஆனால் அன்றைக்கு என் கவலை வேறு.

"போனா மறுபடியும் சண்டை வரும் மேடம். எனக்கு அவளைத் தெரியும். என்னையும் தெரியும்."

"வரும்," என்றார் மேடம்.

"வந்தா என்ன பண்றது?"

அவர் குனிந்து, சாய நூல் நேராகிவிட்டதா என்று பார்த்தார்.

"ஒண்ணும் பண்ண வேணாம் சார். அது சாகற வரைக்கும் சித்திகிட்ட மட்டும் பேசாதீங்க."

தை மாதம் கரூருக்குப் போனோம். மண்டப வாசலில் மரகதமே நின்றுகொண்டிருந்தாள். தலையில் நரை விழுந்திருந்தது. ஆறு வருஷத்தில் இவ்வளவு நரைக்குமா என்று நினைத்தேன். அதைச் சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது வேறு.

"கூரியர் கிடைச்சுது."

"நேர்ல வந்திருந்தா கதவைத் திறந்திருப்பியா நீ?" என்றாள். "ஒரு வெத்திலை பாக்கு வாங்காம போனவன்தானே. அன்னிக்கு என் மாமியார் முன்னாடி நான் தலைகுனிஞ்சு நின்னேன். தெரியுமா உனக்கு?"

"ஆபீஸ்காரன் எல்லாம் சாப்பிட்ட பிறகு நான் சாப்பிடணும், அதை நீ சொல்லுவே."

"இன்னும் அந்த வடையைத்தான் மென்னுகிட்டு இருக்கியா?"

சந்தனக் கிண்ணத்தை மேசையில் டங்கென்று வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மேடம் சொன்னது பலித்தது. வந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

வசந்தா பெண் அறைக்குப் போனாள். நான் போய் ஒரு மூலை நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்படியே எழுந்து அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் என்ன என்று இருந்தது.

மூன்று வரிசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பவுனு சித்தி என் முகத்தைப் பார்த்துவிட்டார். எழுபது வயதில் முட்டியைப் பிடித்துக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சித்தி கெட்டவர் இல்லை. எங்கள் இரண்டு பேரையும் தூக்கி வளர்த்தவர். எங்களுக்காக அழுதவர். யார் அழுதாலும் ஏன் என்று கேட்டு அதை இன்னொருவரிடம் சொல்லி அழுபவர்.

"என்னடா சொன்னா அவ? மூஞ்சி செத்துப்போயிருக்கு."

சொல்ல ஆறு வருஷத்துச் சமாச்சாரம் நாக்கு நுனியில் இருந்தது. நாதஸ்வரம் ஓங்கி ஒலித்ததால் சித்தி காதை என் வாய்க்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தார்.

"சொல்லுடா. வாசல்ல ஏதோ சொன்னாளே."

நான் மேடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சித்தி காத்திருந்தார். தொடையைத் தட்டி மறுபடி கேட்டார். வாயை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று நாலாயிரம் நடை நடந்தவனுக்கும் தெரியாது. மேடையில் புரோகிதர், "தாய்மாமன் எங்கப்பா, நேரமாகுது" என்றார்.

மரகதம்தான் மாலைத் தட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது. என் முன்னால் நின்றாள்.

"எழுந்து வா அண்ணா. காவேரி நிக்கறா."

சித்தி அவள் பக்கம் திரும்பினார். "உங்க அண்ணன்கிட்ட என்னடி சொன்னே? இப்படி உக்காந்திருக்கான்."

மரகதம் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

இரண்டு பேருமே ஒன்றும் சொல்லவில்லை.